பாரிசவாதம் வந்த கைக்கு வீஆர் கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான்கு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். வலக்கை மட்டும் ஏலாது, பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. அக்காதான் பார்த்துக்கொள்கிறார். நான் கொழும்பில் கடையில் வேலை. வீஆர் கண்ணாடி (தலையில் மாட்டினால் கண் முன்னால் கணினி உலகம் தெரிகிற சாமான்) போட்டு விளையாட வைத்துக் கையைச் சுகப்படுத்துகிற வீடியோக்களைப் பார்த்தேன். ஒன்று வாங்கி அனுப்பினால் பலன் இருக்குமா?

தம்பி, இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள். வேண்டவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அம்மாவின் வலக்கை விரல்கள் இப்போது எவ்வளவு நீளுகின்றன என்று தெரிந்தால்தான் இதற்குச் சரியான பதில் சொல்ல முடியும். அதை நீங்கள் எழுதவில்லை. அது தெரிகிற வரைக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த மலைப்பக்கத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் உங்கள் வீட்டுக் காம்பரா எவ்வளவு அகலம் என்றும் தெரியும். அந்த அகலத்துக்கும் இந்தக் கண்ணாடிக்கும் சம்பந்தம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அம்மாவின் கையில் எந்தப் பழுதும் இல்லை என்பதை முதலில் அக்காவுக்கு விளங்கப்படுத்துங்கள். எலும்பு, சதை, நரம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பழுது மூளையின் இடப்பக்கத்தில். அங்கே ஒரு இரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ, வலக்கைக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் செத்துப்போய்விட்டது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் வலக்கை விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. செத்த இடம் திரும்ப முளைக்காது. ஆனால் அதைச் சுற்றியுள்ள இடங்கள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். மண்சரிந்து ரோடு போய்விட்டால் நம் சனம் தேயிலைக்குள்ளால் ஒரு குறுக்கு போடுவார்களே, அது மாதிரி. அந்தக் குறுக்கை யாரும் கொந்தரப்பு எடுத்து வெட்டுவதில்லை. ஆட்கள் நடந்து நடந்து விழுகிறது. ஒரு நாள் நாலு பேர் நடந்தால் விழாது.

அப்படியானால் எத்தனை தடவை? இதை ஒருத்தர் உட்கார்ந்து எண்ணியே பார்த்திருக்கிறார். கேதரின் லாங் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் சிகிச்சை அறைகளில் இருந்து, பாரிசவாதக்காரர்கள் ஒரு அமர்வில் ஏலாத கையால் உருப்படியான அசைவை எத்தனை தடவை செய்கிறார்கள் என்று எண்ணி 2009இல் வெளியிட்டார்கள். சராசரி 32. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த நிலை. மிருகங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளை மாறுவது தெரிந்தபோது அவை ஒரு நாளைக்கு 400, 600 தடவை என்று அதே அசைவைச் செய்திருந்தன. நம் பக்கம் மாதம் ஒரு கிளினிக். விடிய நாலு மணிக்கு எழும்பி, பஸ் பிடித்து, கிளினிக் கொப்பியோடு வாங்கில் காத்திருந்து, கடைசியில் என் முன்னால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் பாதி அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பதில் போய்விடும். நான் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தக் கணக்கில் கை எழும்பாது.

இந்த இடத்தில்தான் வீஆர் வருகிறது. கண்ணாடிக்குள் ஒரு மாயமும் இல்லை. ஒரே அசைவை முந்நூறு தடவை செய்யச் சொன்னால் யாருக்கும் வெறுத்துப்போகும். அதையே கண் முன்னால் பறக்கிற பலூனைத் தொடு, தட்டில் பழத்தை வை என்று ஆக்கினால் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டதா தவறியதா என்று உடனே காட்டும், புள்ளி போடும், பழகப் பழகக் கொஞ்சம் கஷ்டமாக்கும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அப்படிச் சுருண்டு படுத்திருக்கிற ஒருவரை எழுப்பி உட்காரவைக்க விளையாட்டு உதவும், அதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே வேலையை வேறு விளையாட்டும் செய்யுமா? அதையும் சோதித்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதுதான். கனடா, ஆர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் பாரிசவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம். மற்றப் பகுதிக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டை அடுக்குகிறது, பந்து விளையாட்டு. இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரப்படி பத்துத் தடவை. 2016இல் லான்செட் நியூரோலஜி இதழில் முடிவு வந்தது. இரண்டு பகுதியினரும் முன்னேறினார்கள், இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இயந்திரத்துக்கும் சீட்டுக்கட்டுக்கும் ஒரே மார்க்ஸ்! அந்த வீ என்பது தலையில் மாட்டுகிற கண்ணாடி இல்லை, டிவி முன்னால் விளையாடுவது. இரண்டு வாரம் கொஞ்ச நாள்தான் என்பதையும் நியாயத்துக்குச் சொல்லவேண்டும்.

எல்லா ஆய்வுகளையும் அள்ளிச் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2017இல் 72 ஆய்வுகளை அலசியது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக வீஆர் கொடுத்தால் கைக்கு மேலதிகப் பலன் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகக் கொடுத்தால் பலன் தெரிந்தது. கூடுதல் என்றால் கூடுதல் நேரம். மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களுக்கும், நோயாளிகளுக்கென்றே செய்த மென்பொருளைப் பாவித்தவர்களுக்கும் நல்லதாக இருந்தது. 2025இல் அதையே புதுப்பித்து 190 ஆய்வுகளைப் பார்த்தபோது, மற்றச் சிகிச்சையோடு ஒப்பிட்டாலும் கை அசைவில் ஒரு சிறிய முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். சிறிய என்ற சொல்லைக் கவனியுங்கள். யூடியூபில் அந்தச் சொல் வராது.

இனி நான் கண்ணால் கண்ட ஒன்று. டிக்கோயாப் பக்கம் ஒரு பெரியவர், தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். பேரன் டுபாயிலிருந்து வந்தபோது மெட்டா குவெஸ்ட் என்ற வீஆர் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். "சார், தாத்தா நாப்பது தொட்டுட்டாரு" என்று பேரனுக்கு ஒரே சந்தோஷம். செய்துகாட்டச் சொன்னேன். பெரியவர் கதிரையில் உட்கார்ந்து பலூனைத் தொட்டார். நான் பலூனைப் பார்க்கவில்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. அவர் முதுகைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முதுகு கதிரையை விட்டு ஒரு சாண் முன்னால் போகிறது. தோள் காதை முட்டுகிறது. முழங்கை மடங்கினது மடங்கினபடி. உடம்பைத் தூக்கிப் போட்டுக் கையைக் கொண்டுபோய் முட்டுகிறார், கை எங்கேயும் நீளவே இல்லை. ஒரு பழைய சேலையை எடுத்து நெஞ்சோடு கதிரையில் மெதுவாகக் கட்டிவிட்டு, "இப்ப தொடுங்க தாத்தா" என்றேன். ஆறு. நாற்பது ஆறாகிவிட்டது. "என்னா சார், பேரக் குறைச்சிப்புட்டீங்களே" என்றார் பெரியவர். தோட்டத்தில் வேலை செய்தவருக்கு, முழுநாள் வேலைக்கு அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்டது மாதிரி இருந்திருக்கும்.

விளையாட்டு புள்ளியைத்தான் எண்ணும். கை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சாதாரணக் கேமுக்கு அக்கறை கிடையாது. நோயாளிகளுக்கென்று செய்த அமைப்புகளில் உடம்பு சாய்வதையும் கவனிக்கிறவை இருக்கின்றன, ஆனால் அவை ஆஸ்பத்திரிகள் வாங்குகிற விலை. நீங்கள் கடையில் வாங்கப்போவது இளம் பிள்ளைகளுக்குச் செய்த சாமான். வாள் வீசுகிற, குத்துச்சண்டை போடுகிற வேகக் கேம்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். அவசரப்பட்டால் அந்தக் கை இன்னும் இறுகும்.

காம்பரா விஷயத்துக்கு வருகிறேன். பழைய லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதற்குள் கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை. ஜன்னல் ஒன்று, அதுவும் குளிருக்கு மூடியிருக்கும், அடுப்புப் புகை படிந்த சுவர். இந்தக் கண்ணாடி தன் முகப்பில் உள்ள கமெராக்களால்தான் அறையையும் கையையும் பார்க்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் அது தடுமாறும், கை காணாமல் போகும். சரி, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வெயில் வருகிற நேரம் வைத்துப் பார்ப்போம் என்றால் அங்கே வேறு ஆபத்து. கண்ணாடியைக் கழற்றி வைக்கும்போது உள்பக்க லென்ஸில் நேர் வெயில் பட்டால் திரை எரிந்துபோகும், பூதக்கண்ணாடியால் கடதாசி பற்றவைப்பது மாதிரி. அவ்வளவு விலையான சாமான் ஒரு பத்து நிமிட வெயிலில் போய்விடலாம். அதுபோக, உள்ளே பேசுகிற குரல் ஆங்கிலம். பேச்சு குழறுகிற, தமிழே இப்போது சிரமப்பட்டுப் பேசுகிற ஒருவரை அதற்குள் தனியாக விடமுடியாது. மூடின கையையும் அந்தக் கமெரா சரியாக அடையாளம் காணாது. விரல் இறுகி முட்டியாக இருந்தால் அதைக் கை என்றே பல நேரம் எடுத்துக்கொள்வதில்லை. ரிமோட்டைக் கையில் கொடுக்கலாம் என்றால், பிடிக்க முடிந்த கைக்குத்தான் அது சரி.

தலைசுற்றல், வாந்தி வரலாம். நின்றுகொண்டு போடவே கூடாது. சீமெந்துத் தரையில் விழுந்து இடுப்பு முறிந்தால் கதையே மாறிவிடும். பாரிசவாதத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்திருந்தால் டொக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், கம்பெனியே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்: சாப்பாட்டுத் தட்டின் வலப்பாதியை அப்படியே மிச்சம் வைக்கிறாரா?

சரி, விரலுக்கு வருவோம். அம்மாவை மேசைப் பக்கம் உட்காரவைத்து, வலது முன்கையை மேசையில் கிடத்தி, மணிக்கட்டுக்கு அப்பால் கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள். பிறகு விரல்களையும் மணிக்கட்டையும் மேலே தூக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சமாவது தூக்குகிறார் என்றால், மணிக்கட்டும் கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரலும் ஒரு 10 பாகையாவது எழும்புகின்றன என்றால், உங்களுக்குக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. நல்ல கைக்கு உறை போட்டு முடக்கிவிட்டு, ஏலாத கையாலேயே வேலை செய்யவைக்கிற முறை. எட்வர்ட் டோப் என்ற உளவியலாளர் வகுத்தது. பாரிசவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரில் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கிற நேரத்தில் 90 வீதம் உறை, கூடவே பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. நான்கு மாதம் என்கிறீர்கள், அம்மா அந்தக் கணக்குக்குள்தான் வருகிறார். அவ்வளவு கடுமையாக வீட்டில் செய்ய முடியாது. காலையில் ஒரு மணி, பின்னேரம் ஒரு மணி போதும். உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் உறை. அம்மா கோல் பிடிப்பது இடக்கையில், நடக்கும்போது கட்டாயம் கழற்றவேண்டும். அடுப்பு, சுடுதண்ணி பக்கமும் போகக்கூடாது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? நான் கொழுந்து எடுத்தவர்களுக்குச் சொல்கிற பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு பால்மா பேணியில் கல்லும் மண்ணும் போட்டு, இலையோடு ஒரு தேயிலைக் கிளையைக் குத்தி, மேசையில் வையுங்கள். "ரெண்டு இலை ஒரு மொட்டு" என்று சொல்லிவிட்டுக் கையை விடுங்கள். முதல் நாள் விரல் காம்பைச் சுற்றி அலையும், இலை கிழியும். ஒரு அம்மா பதினோராவது நாள் ஒன்றைக் கிள்ளினார். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்ந்து ஒரு சின்ன 'டிக்'. முப்பது வருடம் கேட்ட சத்தம் அது. அவர் அதைக் கூடையில் போடுவது மாதிரி தோளுக்கு மேலால் எறிந்தார், நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு 18 கிலோ, 20 கிலோ எடுத்த கைக்கு அந்தக் கிள்ளல் பலூனை விட நன்றாகத் தெரியும். அக்காவின் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள், பத்துக்கு ஒரு புளியங்கொட்டை. முதுகு கதிரையை விட்டு வந்தால் அந்தக் கொழுந்து கணக்கில் சேராது. கங்காணி வேலையைப் பிள்ளைகள் எங்களை விடக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

விரல் கொஞ்சமும் எழும்பவில்லை என்றால் முகக்கண்ணாடி. ஒரு அடிக்கு ஒன்றரை அடிக் கண்ணாடி சந்தையில் கிடைக்கும். மேசையில் அம்மாவின் நடு நெஞ்சுக்கு நேரே, முகப்பு இடப்பக்கம் பார்க்கிற மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஏலாத வலக்கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். இடக்கையை முன்னால் வைத்து விரித்து மூடச் சொல்லுங்கள், கண் கண்ணாடியில். அங்கே தெரிகிற பிம்பம் வலக்கை மாதிரியே இருக்கும், அது விரிந்து மூடும். பின்னால் இருக்கிற கையையும் கூடவே அசைக்க நினைக்கவேண்டும். இடக்கை வளையலை முதலில் கழற்றிவிடுங்கள், ஒரு கையில் மட்டும் வளையல் இருந்தால் மூளை ஏமாறாது. தினம் அரை மணி. கைகால் வெட்டியெடுக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலிக்காக 1990களில் இதைக் கண்டுபிடித்தவர் நம்ம தமிழர், விளையனூர் ராமச்சந்திரன். 1999இல் அவரும் சேர்ந்து ஒன்பது பாரிசவாதக்காரர்களில் செய்து பார்த்தார். இன்றைக்கு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அறிக்கையும் (2018) கை அசைவுக்கு இது உதவுகிறது என்கிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு வீஆர்தான்: இல்லாத அசைவைக் கண்ணுக்குக் காட்டுகிறது, சார்ஜ் போடத் தேவையில்லை.

அப்படியானால் எப்போது வாங்கலாம்? விரல் கொஞ்சம் திறக்கிறது, இந்தப் பயிற்சிகளை ஒரு மாதம் செய்துவிட்டார், இப்போது சலிப்பு வந்து உட்கார மறுக்கிறார், பக்கத்தில் இருந்து முதுகைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்றால் வாங்குங்கள். முதலில் யாரிடமாவது இரவல் வாங்கி இரண்டு நாள் பாருங்கள். தினம் அரை மணி வீதம் ஒரு மாதம் செய்தால் அந்த 15 மணி நேரம் வந்துவிடும். தோளுக்கு மேலே எட்டச் சொல்கிற கேம் வேண்டாம், நெஞ்சு உயரத்தில் மெதுவாக எட்டிப் பிடிக்கிறவை போதும்.

அந்தத் தோள் விஷயம் இன்னொன்று. யாரும் அம்மாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ வலக்கையைப் பிடித்து இழுக்கவோ கூடாது. தளர்ந்த தோள் மூட்டு கழன்று வலி பிடித்தால் கண்ணாடியும் இல்லை, கொழுந்தும் இல்லை. எண்ணெய் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை, கைக்கு இதமாக இருக்கும். ஆனால் தேய்க்கிறவர் கைதான் அதில் பயிற்சி எடுக்கிறது. புறா இரத்தம் தேய்த்தால் சுகமாகும் என்று யாராவது வந்தால் புறாவைப் பறக்கவிடுங்கள்.

பிரஷர் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது. வருகிற பாரிசவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஏற்கெனவே வந்தவர்களுக்கு வருவது. உங்களிடம் இப்போதே செலவழிக்கக் காசு இருந்தால் முதலில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி அனுப்புங்கள், அக்காவுக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். முகம் கோணினாலோ பேச்சு திடீரென்று இன்னும் குழறினாலோ 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு உடனே அடிக்கவேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும், எங்கள் ரோட்டில் அந்த நேரம் சீக்கிரம் கரைந்துவிடும்.

மேலே சொன்ன மேசைச் சோதனையை அக்காவைச் செய்யச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். பகலில், கதவைத் திறந்து வைத்து. போனை முன்னால் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், கையோடு முதுகும் கதிரையும் தெரியவேண்டும்.